கணுக்கால் வீக்கமும் நிணநீரும்: நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு

பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டாவுக்கு மலையேறுகிற வழியிலும், காட்பாடி தாண்டிச் சித்தூர் போகிற வழியிலும் இருக்கிற ஊர்களில், நாற்பத்தைந்து ஐம்பது வயதுப் பெண்களிடம் கொஞ்சம் நெருங்கிப் பேசினால் பலரும் சொல்வது ஒன்று உண்டு. சாயங்காலம் ஆனால் கால் கனக்கிறது, கணுக்கால் எலும்பு தெரியாமல் மூடிக்கொள்கிறது, கொலுசு பதிந்த தடம் ராத்திரி வரை மறைவதில்லை. இதைச் சொல்லும்போதே புடவையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்து விட்டுக்கொள்வார்கள். காரணம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலூரும் சித்தூரும் யானைக்கால் நோய் உள்ள மாவட்டங்கள் என்று அரசுக் கணக்கிலேயே நீண்ட காலம் இருந்தவை. கால் பெருத்த பாட்டிகளைத் தெருவில் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. அதனால் வீக்கம் என்றாலே அதுதானோ என்று பயம், பயத்தில் மறைப்பது, மறைக்க முடியாமல் போனால் மெடிக்கல் ஷாப்பில் நீர் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது. இந்த வரிசைதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்த வயதில் வரும் கால் வீக்கத்தில் பெரும்பாலானது யானைக்கால் இல்லை, ஆனால் அப்படியே விட்டுவிடக்கூடியதும் இல்லை.

நிணநீர் என்றால் புதிதாகக் கேட்பது போல இருக்கலாம், நெறி கட்டுவது எல்லோருக்கும் தெரியும். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் இரண்டாம் நாள் தொடை இடுக்கில் உருண்டையாக ஒன்று கிளம்பி வலிக்குமே, அதுதான் நிணநீர் முடிச்சு. பாதத்திலிருந்து அந்த முடிச்சு வரைக்கும் தோலுக்கு அடியில் மெல்லிய குழாய்கள் வருகின்றன. திசுக்களில் தேங்கும் நீர், அதோடு புரதம், கிருமி, செத்த செல்களின் துணுக்குகள் எல்லாம் அதில் ஏறி, முடிச்சுகளில் சலிக்கப்பட்டு, வயிறு மார்பு வழியாக மேலே போய் இடது கழுத்துக்குக் கீழே பெரிய ரத்தக் குழாயில் கலக்கின்றன. இதற்கு இதயம் மாதிரி ஒரு பம்ப் கிடையாது. குழாய்கள் தாங்களே சுருங்கி விரிகின்றன, உள்ளே சின்னச் சின்ன வால்வுகள் நீர் திரும்பிக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்கின்றன, மீதி வேலையைக் கெண்டைக்கால் தசையும் கணுக்கால் அசைவும் செய்ய வேண்டும்.

இந்த அமைப்புக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பது மருத்துவத்துக்கே சமீபத்தில்தான் சரியாகப் புரிந்தது. 1896இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர், மிக மெல்லிய ரத்தக் குழாய்களான நுண்குழாய்களிலிருந்து நீர் கசிவதற்கும் திரும்ப உள்ளே இழுக்கப்படுவதற்கும் எந்த விசைகள் காரணம் என்று எழுதினார். கசிந்த நீரில் பெரும்பகுதியை ரத்தக் குழாயே திரும்ப எடுத்துக்கொள்ளும், மிச்சம் மீதியைத்தான் நிணநீர்க் குழாய் கொண்டுபோகும் என்று நூறு வருடத்துக்கு மேல் பாடப்புத்தகங்கள் அதை வைத்துச் சொல்லிவந்தன. 2010இல் லெவிக், மிஷெல் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, பெரும்பாலான திசுக்களில் அப்படித் திரும்ப எடுப்பது நீடித்து நடப்பதில்லை, கசிந்த நீர் கிட்டத்தட்ட முழுவதும் நிணநீர் வழியாகத்தான் திரும்புகிறது என்று விளக்கினார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 8 லிட்டர் என்பது இப்போது சொல்லப்படும் கணக்கு.

ஏரிக்கு, மிகுந்த நீர் வெளியேறும் கலங்கல் எப்படியோ அப்படித்தான் காலுக்கு இந்தக் குழாய்கள். வரத்து அதிகமானால் கலங்கல் நன்றாக இருந்தாலும் நீர் ஏறி நிற்கும். கலங்கல் தூர்ந்துபோனால் வரத்து சாதாரணமாக இருந்தாலும் நிற்கும். சிரை, அதாவது ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாயில் கோளாறு, பிரஷர் மாத்திரை, சிறுநீரகம், இதயம் எதனால் வீங்கினாலும் வரத்து நிணநீரால் சமாளிக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அப்படி வருடக்கணக்கில் அளவுக்கு மீறி ஓடிய குழாய்கள் விரிந்து, வால்வு பழுதாகி, கடைசியில் அவையும் தளர்ந்துவிடுகின்றன. முதலில் வரத்துக் கோளாறாக இருந்தது பிறகு வடிகாலின் கோளாறாகவும் ஆகிறது. 'காலையில் எழுந்தால் சரியாகிவிடுகிறது' என்று ஐந்தாறு வருடம் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதை.

சரி, நடுவயதில் ஏன் இது கூடுகிறது? இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயது வாக்கில். அதற்கு முன்னால் சில வருடங்கள் ஹார்மோன்கள் ஏறி இறங்கும், ஈஸ்ட்ரோஜன் கூடிய நாட்களில் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், அதனால் வயிறு உப்புவதும் மோதிரம் இறுகுவதும் கால் லேசாக ஊதுவதும் உண்டு. ஆனால் இது வந்து போகிற வீக்கம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டியும் தினமும் கால் வீங்குகிறது என்றால் ஹார்மோன் மேல் பழி போட்டு உட்காரக்கூடாது. நின்ற பிறகு உடம்பு இப்படித்தான் இருக்கும் என்று மற்றவர்கள் சொல்லும் சமாதானத்தில் எத்தனையோ பெண்களின் சிறுநீரகக் கோளாறும் தைராய்டும் கவனிக்காமல் போயிருக்கின்றன. உண்மையில் இந்த வயதில் நடப்பது, பல காரணங்கள் ஒரே காலில் வந்து சேர்வதுதான். பிரசவங்களில் தளர்ந்த சிரைகள், ஏறிய எடை, மூட்டு வலியால் குறைந்த நடை, புதிதாகத் தொடங்கிய மாத்திரைகள். போதாதற்கு நிணநீர்க் குழாயின் சொந்தச் சுருக்கமும் வயதோடு வலு குறைகிறது.

மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரத்தக் கொதிப்புக்கு அதிகம் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று அம்லோடிபின். அரசு ஆஸ்பத்திரியிலும் உண்டு, தனியார் டாக்டரும் எழுதுவார். நல்ல மருந்து, பக்கவாதத்தைத் தடுக்கிற மருந்து, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அது நுண்குழாய்களுக்கு ரத்தம் கொண்டுவரும் சிறு தமனிகளைத் தளர்த்துகிற அளவுக்கு, ரத்தம் வெளியேறும் பக்கத்தைத் தளர்த்துவதில்லை. உள்ளே அழுத்தம் கூடி நீர் அதிகமாகக் கசிகிறது. 5 மில்லிகிராமைவிட 10 மில்லிகிராமில் வீக்கம் அதிகம், அதுவும் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது என்பது அந்த மருந்தின் சோதனைகளிலேயே பதிவான விஷயம். இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரிதாக உதவாது, ஏனென்றால் உடம்பில் நீர் கூடிப்போய் வந்த வீக்கம் இல்லை இது. அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, இல்லை சிரைப் பக்கத்தையும் தளர்த்துகிற வேறு வகை பிரஷர் மருந்தைச் சேர்ப்பது என்று டாக்டருக்கு வழிகள் உண்டு. தானாக நிறுத்திவிடக்கூடாது, கால் வீக்கத்துக்குப் பயந்து பிரஷர் மாத்திரையை விட்டவர்களுக்குப் பக்கவாதம் வந்தால் அது எவ்வளவு பெரிய இழப்பு. மாத்திரை தொடங்கிய மாதமும் வீக்கம் தொடங்கிய மாதமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்து அதை மட்டும் டாக்டரிடம் சொன்னாலே போதும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். அதில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறவரிடம் சொன்னாலும் விஷயம் போய்ச் சேரும்.

அடுத்தது வலி மாத்திரை. முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளைச் சீட்டு இல்லாமலே வாங்கி மாதக்கணக்கில் போடுகிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அவை சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் செய்கின்றன, பிரஷரை ஏற்றுகின்றன. பிரஷர் ஏறியதால் அம்லோடிபின் அளவு கூடுகிறது, அதனால் கால் இன்னும் வீங்குகிறது, வீக்கத்துக்கு நீர் மாத்திரை வருகிறது. கூடிய பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் முதலில் போட்ட வலி மாத்திரையால் வந்தவை. சர்க்கரைக்குக் கொடுக்கும் பியோகிளிட்டசோன், நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், ஸ்டீராய்டு, இவையும் காலை வீங்க வைக்கும்.

சிரை விஷயம். நரம்பு சுருட்டு என்று நாம் சொல்வது நரம்பு இல்லை, ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரையின் வால்வு பழுதானது. ஒவ்வொரு கர்ப்பமும் அதன்மேல் ஒரு சுமை. மணிக்கணக்கில் நிற்பது இன்னொன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் லைனில் நின்றும், மெஷின் முன்னால் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தும் வேலை செய்கிற பெண்களுக்கு இது தெரியும். பீடி சுத்துகிறவர்கள் வேறு விதம்: மடியில் முறத்தை வைத்து, காலை மடக்கி, எழுந்திருக்கவே நேரமில்லாமல் கணக்கை முடிக்க வேண்டும். மடங்கிய முட்டியும் இடுப்பும் நீர் மேலே ஏறும் வழியை நெருக்குகின்றன, கெண்டைத் தசை அசைவதே இல்லை. காலை நீட்டி உட்கார்வது மடக்குவதைவிட நல்லது. அரைமணிக்கு ஒரு தரம் பாதத்தை மேலும் கீழுமாக இருபது முப்பது தடவை ஆட்டுவது, தண்ணீர் குடிக்கும் சாக்கில் எழுந்து நாலு அடி நடப்பது, இதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் காலில் உள்ள பெரிய பம்ப் அந்தத் தசைதான். அப்புறம் எங்கள் வெயில். சித்திரை வைகாசியில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்தே இருக்கும், அதனால்தான் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நாளில் காலையிலிருந்து நின்றவர்களுக்கு அன்று ராத்திரி செருப்புக்குள் கால் நுழையாது.

சிரைக் கோளாறு நாள்பட்டால் கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து அரிக்கும், சொறிந்த இடம் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும், சிகிச்சையும் இருக்கிறது.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலையில் முகமும் கண் இமையும் ஊதி, சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். படுத்தால் மூச்சு வாங்கி, ராத்திரி எழுந்து உட்கார வேண்டியிருந்தால் இதயத்தை. உடம்பு முழுக்கத் தடித்து, குளிர் தாங்காமல், மலச்சிக்கலும் சோர்வும் இருந்தால் தைராய்டை. ரத்தசோகையும் ரொம்பக் குறைவான புரதமும் கூடக் காரணம்தான். இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் ஒரே மாதிரி பருத்து, தொட்டால் வலித்து, லேசாகப் பட்டாலே கன்றிப்போய், பாதம் மட்டும் ஒல்லியாக இருந்தால் அது லிப்பெடிமா என்ற கொழுப்புத் திசுக் கோளாறாக இருக்கலாம். 1940இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் பெயரிட்டது. பூப்பெய்தும்போதோ கர்ப்பத்திலோ மாதவிடாய் நிற்கும் வயதிலோ தலைகாட்டும். இது தெரியாமல் அந்தப் பெண்ணை 'வாயைக் கட்டு' என்று திட்டிக்கொண்டே இருப்பார்கள், அவரும் பட்டினி கிடந்து பார்ப்பார், கால் குறையாது.

ஒரே ஒரு கால் திடீரென்று வீங்கி, கெண்டையில் வலி இருந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும், நீவி விடக்கூடாது. அதோடு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் 108தான். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தக் கசிவு, அடிவயிற்றில் கனம், ஒரு கால் மட்டும் மெதுவாக வீங்குவது, இவை சேர்ந்து வந்தால் மகப்பேறு டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், அடிவயிற்றில் வளரும் கட்டி நிணநீர் வழியை அடைத்திருக்கலாம். கர்ப்பப்பை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்தவர்களுக்கும், முடிச்சுகளை எடுத்ததால், சில மாதமோ சில வருடமோ கழித்துக் கால் வீங்க ஆரம்பிக்கும். நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்து வீட்டில் சொல்லாமல் இருக்கிறவர்கள் உண்டு. எதனால் என்று பார்த்துவிடுவதுதான் நிம்மதி.

இனி யானைக்கால். சாக்கடைத் தேக்கத்தில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் புழு இது. ஒரு கடியில் வந்துவிடாது, மாதக்கணக்கில் வருடக்கணக்கில் கடிபட்டுத்தான் உடம்பில் ஏறுகிறது. பெரிய புழுக்கள் நிணநீர்க் குழாய்க்குள்ளேயே பல வருடம் உயிரோடு இருந்து குழாயை விரித்துக் கெடுக்கின்றன. அதன் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் சுற்றும், அதனால்தான் சுகாதாரத் துறையினர் ராத்திரியில் வந்து விரலில் ரத்தம் எடுத்தார்கள். வருடத்துக்கு ஒரு தரம் ஊருக்கே இந்தப் புழுவுக்கான டிஇசி மாத்திரை கொடுத்து ஒழிக்கும் வேலை தமிழ்நாட்டில் 1990களின் பின்பாதியில் ஆரம்பித்தது, 2004 முதல் நாடு முழுக்க நடந்தது. 2027க்குள் ஒழிப்பது என்பது இந்தியாவின் இலக்கு. இது தொட்டால் ஒட்டாது, பரம்பரையாக வராது, பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டார் அம்மாவின் காலைப் பார்த்துப் பின்வாங்குவதில் ஒரு நியாயமும் இல்லை.

புழு ஆரம்பித்து வைப்பது என்னவோ உண்மை. ஆனால் கால் பெருத்துக்கொண்டே போவதற்குப் பெரிய காரணம் புழு இல்லை, தோல் வெடிப்பு வழியாக நுழைகிற சாதாரணக் கிருமிகள். பிரேசில் நாட்டின் ரெசிஃபெ நகரில் ஜெருசா டிரெயர் என்ற மருத்துவர் 1990களில் இதைத் தெளிவாகக் காட்டினார். அவருடைய நோயாளிகள் தினமும் சோப்பும் தண்ணீருமாகக் காலைக் கழுவி, துடைத்து, வெடிப்புக்கு மருந்து போட்டதிலேயே குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து கொதிக்கிற அந்தத் தாக்குதல்கள் குறைந்தன. ஒவ்வொரு தாக்குதலும் மிச்சமிருக்கிற குழாய்களில் கொஞ்சத்தை அழித்துவிட்டுப் போகும், அதனால் தாக்குதல் நின்றால் வளர்ச்சியும் நிற்கும். காரணம் புழுவாக இருந்தாலும் சிரையாக இருந்தாலும் புற்றுநோய் சிகிச்சையாக இருந்தாலும் இது பொது. வீங்கின காலில் நாளைக்கே செய்யக்கூடிய, காசு செலவில்லாத, பலன் உறுதியான வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ராத்திரி படுக்கும் முன் சாதாரணத் தண்ணீர், சாதாரண சோப்பு. வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், அது ரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தையும் கூட்டும். விரல் இடுக்குகளைத் தேய்க்காமல், பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், கிருமி பெரும்பாலும் அங்கே உள்ள சேற்றுப்புண் வழியாகத்தான் நுழைகிறது. வெள்ளையாக ஊறி அரித்தால் பூஞ்சைக் களிம்பு. குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம், இடுக்கில் தடவக்கூடாது. பிளேடால் தோலைச் சீவுவது, புண்ணில் சுண்ணாம்பு வைப்பது, இரண்டும் ஆபத்து. மெட்டி விஷயம் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் விரல் வீங்கிய பிறகும் கழற்றாத மெட்டி தோலை அறுத்து அங்கேயே புண்ணாக்குவதைப் பார்க்க முடிகிறது. தளர்வாகச் செய்துபோடுங்கள், இல்லை வீக்கம் குறையும் வரை கழற்றி வையுங்கள். வீட்டில் யாராவது முகம் சுளித்தால் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். கால் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், ஆன்டிபயாடிக் அன்றே தொடங்க வேண்டும்.

இது நிணநீர் வீக்கமாகிவிட்டதா என்று ஓரளவு நீங்களே பார்க்கலாம். இரண்டாம் கால்விரலின் அடியில், மேல் தோலை மடிப்பாகக் கிள்ளிப் பாருங்கள். தடித்துப்போய்க் கிள்ளவே வரவில்லை என்றால் நிணநீர் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். கிள்ள வந்துவிட்டால் இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பாதத்தின் மேல்பக்கம் மேடு மாதிரி எழும்புவதும், ஆரம்பத்தில் அழுத்தினால் குழி விழுந்த கால் போகப் போகக் குழி விழாமல் கெட்டியாவதும் இதன் அடையாளங்கள்.

இந்த வகை வீக்கத்துக்கு நீர் மாத்திரை ஏன் உதவாது என்றால், திசுவில் தேங்கியிருப்பது வெறும் நீர் இல்லை, புரதமும்தான். மாத்திரை நீரை மட்டும் வெளியேற்றும், தங்கிய புரதம் மறுபடி நீரை இழுத்துக்கொள்ளும், நடுவில் பொட்டாசியம் குறைந்து கெண்டை பிடித்துக்கொள்வதும் தலைசுற்றுவதும்தான் மிச்சம். இதயம், சிறுநீரகக் கோளாறுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த நீர் மாத்திரை வேறு, அதை நிறுத்தக்கூடாது. பார்லித் தண்ணீரும் நீர்முள்ளிக் கஷாயமும் இதே கதைதான், சிறுநீர் போகும், நிணநீர் வடியாது. 'நிணநீரைச் சுத்தம் செய்யும்' என்று விளம்பரம் செய்யும் பொடிகளுக்கும் டீத்தூள்களுக்கும் காசு கொடுக்காதீர்கள். உப்பைக் குறைப்பது எல்லா வகைக்கும் நல்லது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் வர வேண்டும்.

வேலை செய்வது அழுத்தமும் அசைவும். அழுத்தக் காலுறை அல்லது கட்டு, அதற்கேற்ற பயிற்சி, பழகியவர் கையால் மென்மையான நீவல், தோல் பராமரிப்பு, இந்த நாலும் சேர்ந்ததுதான் உலகம் முழுக்கச் செய்யும் சிகிச்சை. அந்த நீவல் 1930களில் எமில் வோட்டர் என்ற டென்மார்க்காரர் உருவாக்கியது, எண்ணெய் ஊற்றி அழுத்திப் பிடிக்கும் மசாஜ் இல்லை, தோலை மட்டும் லேசாக நகர்த்துவது. கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள பயன்முறைத் தோல் மருத்துவ நிறுவனம் இதோடு ஆயுர்வேதத்தையும் யோகாவையும் சேர்த்து யானைக்கால் நோயாளிகளுக்குப் பல வருடமாகச் சிகிச்சை கொடுக்கிறது. காலுறையைக் கடையில் குத்துமதிப்பாக வாங்காமல், காலையில் வீக்கம் குறைந்திருக்கும்போது அளவெடுத்து வாங்க வேண்டும். கட்டு விரல் பக்கம் இறுக்கமாக ஆரம்பித்து மேலே போகப் போகத் தளர வேண்டும். சர்க்கரை நாள்பட்டு இருப்பவர்கள், பாதம் மரத்தவர்கள், நடந்தால் கெண்டை வலித்து நின்றால் விடுகிறவர்கள், காலின் தமனி ஓட்டத்தைப் பார்க்காமல் எந்த அழுத்தமும் போடக்கூடாது. வெயிலில் நாள் முழுக்கப் போட முடியவில்லை என்றால் நின்று வேலை செய்கிற நேரத்துக்காவது போடுங்கள். ராத்திரி கட்டிலின் கால்பக்கம் இரண்டு செங்கல், பாயில் படுப்பவர்களுக்குக் கெண்டைக்குக் கீழே மடித்த போர்வை. மூச்சு வாங்குகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

டாக்டரிடம் போகும்போது ஒரு நடைமுறைச் சிக்கல். அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளிகளைப் பார்ப்பது காலையில், ராத்திரி முழுக்கப் படுத்து எழுந்த கால் அப்போது சாதாரணமாகத் தெரியும், 'ஒன்றும் இல்லையே அம்மா' என்று அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. அதனால் முந்தின நாள் சாயங்காலமே கணுக்கால் எலும்புக்கு மேலே நாலு விரல் அளவில் பேனாவால் ஒரு கோடு போட்டு, தையல் டேப்பால் இரண்டு காலையும் சுற்றி அளந்து, மறுநாள் காலையில் அதே கோட்டில் திரும்ப அளந்து, இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சாயங்காலக் காலை மகளிடமோ பக்கத்து வீட்டுப் பெண்ணிடமோ சொல்லி செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும், மெடிக்கல் ஷாப்பில் உதிரியாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், இவை அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கக்கூடியவை.